பந்து இல்லாமல் ஓடியவன்

அணி வெளியிட்ட கையேட்டில் லாவெல் பிக்கன்ஸின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று போட்டிருந்தது. உண்மையில் ஐந்தடி ஆறு. காலணியோடு நிறுத்தி அளந்தாலும் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. தனக்கு இந்த உபரி உயரத்தைத் தானம் செய்த புண்ணியவான் யார் என்று அவன் ஒருமுறை அணி அலுவலகத்தில் போய்க் கேட்டான்.

"ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"அப்ப ஆறடின்னே போட்டிருக்கலாமே. நம்பிக்கை பொங்கி வழிஞ்சிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஓமஹாவில் எவனுக்கும் சரியான இடத்தில் சிரிக்கத் தெரியாது என்பது லாவெலின் முடிவுகளில் ஒன்று. அவனிடம் இப்படிப்பட்ட முடிவுகள் நிறைய இருந்தன. மாட்டுக்கறிக் குழம்புக்கு இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தொட்டுத் தின்கிற ஊர் இது; இதற்கு நாக்கே கிடையாது. அவன் பிறந்த ஆர்க்கன்சா மரியானாவில் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, அதன்மேல் உறைக்க உறைக்கச் சாறு ஊற்றித் தின்பார்கள். அங்கே பையன்கள் பந்தைப் பார்த்தால் ஓடுவார்கள். இங்கே பந்தைப் பார்த்தால் கைதட்டுகிறார்கள். ஓடுகிறவன் எவன் என்றுகூடப் பார்ப்பதில்லை.

அவன் வேலை ஓடுவதுதான். ஓமஹா ட்ரோவர்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணியில் அவன் ரன்னிங் பேக். குவார்ட்டர்பேக் திரும்பி நீட்டும் முட்டைப் பந்தை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விழுங்க வரும் பதினொரு மலைகளுக்கு நடுவே சந்து தேடிப் புகுந்து போக வேண்டும். சந்து எங்கே திறக்கும் என்பது மற்றவர்களுக்குத் திறந்த பிறகு தெரியும். லாவெலுக்கு அதற்கு ஒரு மூச்சு முன்னால் தெரிந்துவிடும். அவனைக் கீழே தள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் அவன் இருந்த இடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் கிடப்பார்கள்.

ஆனால் பந்து வந்தால்தானே?

தலைமைப் பயிற்சியாளர் ட்ரெவர் ஸ்டாங்குக்குத் தோள் அகலம், வாய் அதைவிட அகலம். ஆட்டத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை லாவெல் கையில் பந்தைக் கொடுப்பார். அவன் அதை வைத்து மைதானத்தில் பாதியைக் கடந்தாலும் அடுத்த நிமிடம் வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். ஏன் என்று ஒருநாள் அறைக்குள் போய் நேராகவே கேட்டான்.

"நீ மசாலாடா லாவெல்" என்றார் ஸ்டாங், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "மசாலாவ கொஞ்சமாத்தான் தூவணும். சட்டியோட கொட்டினா சமையல் என்னத்துக்கு ஆகும்?"

"இந்த ஊர்க்காரங்க மசாலாவே போடாமத்தான் சமைக்கிறாங்க கோச். அதான் இப்படி இருக்கு."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன் சைஸுக்கு, ஒரு ஆட்டத்துல இருபது தடவ இடி வாங்கினா நீ கஞ்சியாயிடுவ."

"இருபது தடவ என்னை எவன் புடிச்சிருக்கான்?"

ஸ்டாங் கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவர் இளம் வயதில் ஒரு பெரிய ஆளை நம்பி ஜெயித்திருக்கிறார். அதன் பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று லாவெல் வீட்டுக்கு வந்து மனைவி ஷெரீஸிடம் சொன்னான். ஷெரீஸ் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறவள். வீட்டிலும் ஒரு வாய் ஓயாமல் திறந்தே இருப்பது அவளுக்கு அலுப்பாக இருந்தது.

பந்து யாரிடம் போயிற்று என்றால், கோல்பி ரஸ்முசனிடம். நெப்ராஸ்கா மண்ணிலேயே பிறந்த பண்ணைவீட்டுப் பிள்ளை. லாவெலைப் போல ஒன்றரை ஆள் எடை. கொடுத்த பந்தை வாங்கி, எதிரே எங்கே அதிகம் பேர் நிற்கிறார்களோ அங்கேயே போய் முட்டுவான். இரண்டு கஜம் முன்னேறி விழுவான். அரங்கமே எழுந்து "கோல்பீ, கோல்பீ" என்று கத்தும். பக்கத்தில் திறந்த கதவு இருக்கும்போது சுவரை முட்டுகிற ஆளைப் பார்த்து அறுபதாயிரம் பேர் அழுகிற அளவுக்கு உருகுவதை லாவெல் பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்ப்பான். கூட்டத்தின் மேல் அவனுக்குக் கோபம் வந்ததில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா?

கோல்பியோடு அவன் பேசுவதே அபூர்வம். ஒருமுறை பனிக்கட்டித் தொட்டியில் இருவரும் கழுத்தளவு உட்கார்ந்திருந்தபோது கோல்பிதான் ஆரம்பித்தான்.

"நீ என்னைவிட நல்லா ஓடுறடா. எனக்கே தெரியும்."

"அப்படியா? போய் கோச்கிட்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கும் பொழப்பு இருக்குல்ல" என்றான் கோல்பி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

லாவெலுக்கு அந்தப் பதில் ஒரு வகையில் பிடித்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அவன் கேட்ட முதல் உண்மை அதுதான். ஆனால் அதற்காக அவனை மதிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

இலையுதிர்காலத்தில், சொந்த மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் கோல்பிக்கு விலாவில் அடிபட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டாங் லாவெலை இறக்கினார். முதல் பாதி முழுக்கப் பந்து அவன் கையில். எதிரணிக்காரர்கள் அவனைத் தேடுவதற்குள் அவன் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தான். ஒரு தடவை ஓரக்கோட்டை ஒட்டி ஓடி எதிரணி எல்லை வரைக்கும் போய்விட்டான். கடைசிக் கஜத்தில்தான் இழுத்துப் போட்டார்கள். வழக்கமாகப் பெயர் தெரியாமல் கைதட்டுகிற கூட்டம் பக்கத்தில் இருந்தவனிடம் "யாருய்யா இவன்?" என்று கேட்டது. மூன்று வருஷமாக அதே மைதானத்தில் இருந்தவனைப் பற்றித்தான் கேட்டது.

எல்லைக்கோடு ஒரு கை நீளத்தில் இருந்தது. அப்போது ஸ்டாங்குக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. விலாவில் கட்டுப் போட்டிருந்த கோல்பியை மறுபடி உள்ளே அனுப்பினார். பந்து கோல்பிக்கு. லாவெல், பந்து தன்னிடம் இருப்பது போல வெறும் கையை வயிற்றில் மடக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி நாலு பேரை ஏமாற்ற வேண்டும்.

பொய்யாக ஓடினாலும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று நினைப்பவன் அவன். அதுதான் வினையாகப் போயிற்று. உயிரைக் கொடுத்து ஓடினான். இரண்டு பேர் ஏமாந்து அவன் மேல் பாயத் திரும்பினார்கள். அவர்களைத் தவிர்க்க இடது காலை ஊன்றித் திரும்பினான். கால் புல்லில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அது தனக்கு மட்டும்தான் கேட்டது என்று பிற்பாடு சொல்வான். அவனை ஒருவரும் தொடவில்லை. அவன் கையில் பந்தும் இல்லை.

அதே நொடியில் மறுபக்கம் கோல்பி எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். வாணம் வெடித்தது. அணிக்காரர்கள் அத்தனை பேரும் கோல்பி மேல் போய்க் குவிந்தார்கள். லாவெல் கிடந்ததை முதலில் பார்த்தது, அணியின் சின்னமான காளை வேஷம் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்த ஆள்தான். அந்தப் பெரிய பஞ்சுத் தலைக்குள்ளிருந்து, "ஏம்ப்பா, நல்லா இருக்கியா? எழுந்திரிக்கிறியா?" என்று குரல் வந்தது. லாவெல் வலியில் கண்ணைத் திறந்தபோது கொம்பு வைத்த முகம் ஒன்று வானத்தை மறைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. ஓமஹாவிலேயே தன்மேல் அக்கறைப்பட்ட ஒரே ஜீவன் ஒரு பஞ்சுமாடு என்று அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது.

மூட்டு ஜவ்வு முழுதாகக் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி டிவியில் ஸ்டாங்கின் பேட்டியைப் பார்த்தான். "பாவம், சின்ன உடம்பு" என்று தலையை ஆட்டினார் அவர். "இதுக்குத்தான் இத்தன நாளா அவனப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நான் சொன்னா யாரு கேக்குறீங்க?"

லாவெல் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. நர்ஸ் ஓடி வந்து மருந்து அதிகமாகிவிட்டதோ என்று பார்த்தாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவனை வெரா ஹ்ரூபி என்ற பிசியோவிடம் அனுப்பினார்கள். பன்றிப்பண்ணைக்காரர் வீட்டில் வளர்ந்தவள். கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். ஃபுட்பாலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்கிற எண்ணமும் இல்லை. முதல்நாளே, "வளந்த ஆம்பளைங்க ஒரு முட்டைக்காகக் கட்டிப் புரள்றீங்க. அப்புறம் வந்து என்கிட்ட அழறீங்க" என்றாள்.

"நான் எங்க அழுதேன்?"

"இன்னும் ஆரம்பிக்கலையே" என்று சொல்லிவிட்டு முழங்காலை மடக்கினாள்.

லாவெல் அழுதான்.

அதைவிடக் கேவலம் அடுத்த வாரம் நடந்தது. மெத்தை மேல் படுக்க வைத்து, காலை நீட்டியபடியே மேலே தூக்கு என்றாள். அவன் தூக்கப் பார்த்தான். கால் அசையவில்லை. மறுபடி முயன்றான். தொடை சுருங்கி, கோழிக்கால் போல ஆகியிருந்தது. அது வேறு யாருடைய காலோ போல மெத்தையில் கிடந்தது. இத்தனை வருஷமாக ஊரில் உள்ள எல்லாரையும் இளப்பமாகப் பார்த்தவனுக்கு இப்போது பார்க்க வேறு ஆள் தேவைப்படவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாங் சொன்னது சரிதானோ என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வீட்டில் அவன் வாய் இன்னும் மோசமாயிற்று. டிவியைத் திட்டினான், ஊன்றுகோலைத் திட்டினான், நலம் விசாரித்துப் பூ அனுப்பிய அணி அலுவலகத்தைத் திட்டினான். ஒருநாள் ஷெரீஸ் வேலையிலிருந்து களைத்து வந்து சூப் வைத்துக் கொடுத்தாள். "இந்த ஊர்க்காரி மாதிரியே சமைக்க ஆரம்பிச்சிட்ட" என்றான். அவள் கிண்ணத்தை அவன் முன்னாலிருந்து எடுத்து, நின்றபடியே தான் குடித்து முடித்தாள்.

"என்ன பண்ற?"

"சாப்பிடுறேன். எனக்குப் புடிச்சிருக்கு" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். "லாவெல், உனக்கு நேர்ந்தது அநியாயம். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த ஸ்டாங்க நான் கட்டிக்கல. அவனுக்குக் குடுக்க வேண்டியத எனக்குக் குடுத்தேன்னு வையி, நான் மரியானாவுக்குப் போயிடுவேன். உங்கம்மாவுக்கு என்னைத்தான் அதிகமா புடிக்கும்."

அது உண்மைதான். மறுநாள் அவனே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மீன் பொரித்தான். பாதி கருகிவிட்டது. அவள் அதையும் தின்றாள்.

குளிர்காலம் முழுக்க, அப்புறம் வசந்தம், கோடை எல்லாம் வெராவின் அறையிலேயே போயிற்று. கால் முதலில் ஒரு விரல்கடை தூக்கியது, பிறகு ஒரு சாண். சைக்கிள், தண்ணீருக்குள் நடை, மெல்லோட்டம். இரண்டு பேரும் ஓயாமல் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டார்கள். "பன்றிக்குக்கூட இவ்வளவு சொல்லிக் குடுக்க வேண்டாம்" என்பாள் அவள். "பன்றி ஓடியிருக்கும், உங்க மூஞ்சியப் பாத்து" என்பான் அவன். பக்கத்து மெத்தைக்காரர்கள் வைத்தியத்தை விட்டுவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோடை முடியும்போது ஒருநாள் வெரா அவனைப் பின்கட்டுப் புல்வெளிக்குக் கூட்டிப் போய், இடது காலை ஊன்றித் திரும்பச் சொன்னாள். அவன் வெகு நேரம் நின்றான். பிறகு திரும்பினான். கால் உடம்போடு சேர்ந்து திரும்பியது.

"போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றாள் வெரா. அவளால் முடிந்த ஆசீர்வாதம் அதுதான்.

ட்ரோவர்ஸ் அவன் திரும்பி வந்ததை ஒரு திருவிழாவாக்கினார்கள். சோகமான பியானோ பின்னணியில் அவன் சைக்கிள் மிதிக்கும் படம் அரங்கத் திரையில் ஓடியது. "சின்ன உருவம், பெரிய இதயம்" என்று பனியன் அடித்து விற்றார்கள். அவன் இதயத்தை எவரும் எப்போதும் குறை சொன்னதில்லை. அவன் கேட்டது பந்தை. அந்தப் பந்து மட்டும் வரவில்லை. வாரா வாரம் உடுப்பு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பனியன்கள் விற்றுத் தீர்ந்தன.

டிசம்பர். மைதானம் உறைந்து கிடந்தது. ட்ரோவர்ஸ் முப்பது புள்ளி பின்தங்கி, மானம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் கலையத் தொடங்கியபோது ஸ்டாங் லாவெலின் தோளைத் தொட்டார்.

"உள்ள போடா. ஜனங்க உன்ன ஒரு தடவ பாக்கட்டும்."

"பந்து யாருக்கு கோச்?"

"கோல்பிக்கு. நீ எதிர்ப்பக்கம் ஓடு. அதே ஆட்டம்தான், உனக்குத் தெரியும்ல?"

தெரியும். லாவெல் அவர் முகத்தைப் பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று பார்த்தான். இல்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அந்த ஆளின் மேல் அவனுக்கு இருந்த கடைசிச் சொட்டு வெறுப்பும் அப்போது வற்றி, மேஜை நாற்காலியைப் பார்க்கிற பார்வை மட்டும் மிஞ்சியது.

அவன் உள்ளே ஓடியதும் மிச்சமிருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அணி வட்டமாகக் கூடியது. யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று குவார்ட்டர்பேக் ஆட்டத்தைச் சொன்னான். கோல்பி நிமிர்ந்தான்.

"அதே ஆட்டமா? இவன் கால் போச்சே, அதா?"

"கோச் சொன்னாரு" என்றான் குவார்ட்டர்பேக்.

கோல்பி லாவெலின் முழங்காலைப் பார்த்தான். வாயிலிருந்து மாட்டைப் போல ஆவி வந்தது. "லாவெல், நீ என் இடத்துல நில்லு. நான் பொய்யா ஓடுறேன்."

"உனக்குப் பொழப்பு இருக்குன்னியே?"

"இருக்கு. இன்னிக்கு வேணாம்."

குவார்ட்டர்பேக் இருவரையும் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "முப்பது பாயின்ட்ல தோக்குறோம். எவன் கையில குடுத்தா என்ன? வாங்க."

கோல்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது, பொய்யாக ஓடவும் தெரியாது. வெறும் கையைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடினான். ஆனால் அவனுக்குப் பந்து போய்ப் போய் எதிரணிக்குப் பழகிவிட்டிருந்தது. மூன்று பேர் அவன் மேல் ஏறி விழுந்தார்கள். பந்து லாவெல் கையில். சந்து திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் அவன் அங்கே இருந்தான். ஒருவன் எதிரே வந்தான். லாவெல் இடது காலை ஊன்றித் திரும்பினான். வந்தவன் காற்றைக் கட்டிக்கொண்டு விழுந்தான். முப்பது கஜம் ஓடிய பிறகு பின்னாலிருந்து ஒரு தடியன் வந்து ஏறினான். உறைந்த தரையில் விலாவும் முகமும் தேய, இரண்டு பேரும் உருண்டார்கள்.

லாவெல் எழுந்து நின்றான். காலை ஒரு தடவை உதறிப் பார்த்தான். பந்தை நடுவரிடம் தூக்கிப் போட்டுவிட்டு பெஞ்சுக்கு நடந்தான். ஸ்டாங்கின் முகம் சிவந்திருந்தது. பேட்டியில் அவர் சொன்னார்: "எதிரணி எதிர்பார்த்தத மாத்திப் போட்டோம். அவ்வளவுதான், திட்டமிடல்."

மார்ச்சில் லாவெலை அணியிலிருந்து விடுவித்தார்கள். போன் பண்ணிச் சொன்னது யாரோ ஒரு உதவியாளர், ஸ்டாங் இல்லை.

கனடாவில், சஸ்காச்சுவானின் மூஸ் ஜா நகரில் ஒரு சின்ன அணி அவனை எடுத்துக்கொண்டது. அங்கே மைதானம் அகலம் அதிகம். குள்ளர்களுக்கு ஓட இடம் உண்டு. பயிற்சியாளர் வாயே திறக்காத மனிதர். முதல்நாள் பந்தை லாவெலின் நெஞ்சில் வைத்து அழுத்தி, "இந்தா" என்றார். முழுப் பருவத்திலும் அவர் பேசியதில் பாதி அதுதான். ஆட்டத்துக்கு இருபது தடவை ஓடினான். பிடிபட்டான், இடி வாங்கினான், இரண்டு பல் போயிற்று. விடுமுறைக்கு வந்த ஷெரீஸ் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவன் கஞ்சியாகவில்லை. அங்கே இளப்பமாகப் பார்க்க ஆள் கிடைக்காமல்தான் கொஞ்சம் திண்டாடினான். கடைசியில் குளிரைத் திட்டிப் பொழுதைப் போக்கினான். நாலு பருவம் அப்படி ஓடினான். முழங்கால் தாங்கியது, முதுகுதான் முதலில் ஓய்ந்தது.

ஆடுவதை விட்டதும், ஷெரீஸின் வேலை ஓமஹாவில் என்பதால் அந்த ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஸ்டாங்கை அதற்குள் துரத்தியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு டிவியில் எப்போதும் ஒரு நாற்காலி காத்திருக்கும். அதில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஞாயிறு மதியம் லாவெல் சோபாவில் சாய்ந்து ஏதோ ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு குள்ளப் பையன் இரண்டு மலைகளுக்கு நடுவே நழுவி ஓடினான். ஸ்டாங்கின் குரல் எழும்பியது: "இவன் கையில பந்தக் குடுக்கணும்! ஆட்டத்துக்கு இருபது தடவ! உயரத்தப் பாக்காதீங்கன்னு நான் அன்னிக்கே சொல்லிட்டிருந்தேன், எவனும் கேக்கல!"

லாவெல் போனை எடுத்துக் கோல்பியைக் கூப்பிட்டான். கோல்பி இப்போது அப்பாவின் பண்ணையில் சோளம் போடுகிறான். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"டிவி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். வாந்தி வருதுடா."

"மாத்திடாத. இன்னும் பேசுவான்."

"மாத்தல. நீயும் மாத்தாத" என்றான் கோல்பி.

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே அந்த ஆள் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.